சர்வருக்கு ராகு காலம்

ஏனுங்க, கொஞ்சம் எடம் மாறி உக்காந்துக்கலாங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, காத்துக்காக ஜன்னல் சீட்டு கேக்கலீங்க. இந்தப் பக்கம் டவர் ஒரு கோடுதான் காட்டுது. அந்தப் பக்கம் வந்தா ரெண்டு கோடாவது வரும். நன்றிங்க. நீங்க உடுமலைங்களா, பழனிங்களா? பழனியா, அப்ப உங்களுக்கு இன்னும் நேரம் கெடக்குது. நான் உடுமலைல எறங்கிருவேன். கிணத்துக்கடவு தாண்டிருச்சுங்களா? இன்னும் இல்லியா. இந்த டிரைவர் என்னமோ உருட்டறாருங்க.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருது, பன்னெண்டுக்குத்தான் விலகுது. அதனால பத்தேகாலுக்கே உக்கடத்துல பஸ் ஏறிட்டேன். முன்னாடியே ஏறி உக்காந்துட்டா நடுவுல வர்றது தோஷமில்லீங்க. போய் எறங்கறப்ப பன்னெண்டு தாண்டியிருக்கும். நேரா மண்டபத்துக்குப் போகோணும். எங்க முதலாளி நாச்சிமுத்து ஐயா அங்க இருக்காரு, அவரோட தங்கச்சி பையன் கல்யாணம். நான் கல்யாணத்துக்குப் போகலீங்க. அவருகிட்ட ஒரு விசயம் சொல்லோணும். போன்ல சொல்ற விசயமில்ல. மொகத்தைப் பாத்துச் சொல்லோணும். சொல்லாட்டி திங்கட்கிழமையோட என்ற கதை முடிஞ்சுதுங்க.

என்ற பேரு சென்னியப்பன். கல்யாண மண்டபம் புக் பண்ற வெப்சைட் ஒண்ணு நடத்தறோம். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, எந்த மண்டபம் எந்தத் தேதில காலியா இருக்குதுன்னு போன்லயே பாத்து முன்பணம் கட்டிக்கலாம். அந்த வெப்சைட்டு ஓடற மெஷினைப் பாத்துக்கறது நானு. முந்தி அந்த மெஷின் எங்க ஆபீஸ்லயே மாடிப்படிக்குக் கீழ இருந்துச்சு, எனக்கு ஃபேன், அதுக்கு ஏசி. அப்பறம் எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தினாங்க. கிளவுடுன்னா மேகமெல்லாம் இல்லீங்க, மும்பைல எவனோ ஒருத்தனோட கட்டடத்துல மெஷினை வாடகைக்கு எடுக்கறது, அவ்வளவுதான். அந்த வாடகை மெஷினையும் நான்தான் பாத்துக்கிட்டேன்.

எங்க ஆபீஸ் புள்ளைங்க அடிக்கடி வெப்சைட்டுல ஏதாவது மாத்தி எழுதித் தருவாங்க. அதைக் கொண்டுபோய் மெஷின்ல ஏத்தோணும். ஏத்தறதுன்னா சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு எடத்துல கை தவறினா மொத்த வெப்சைட்டும் படுத்துக்கும். நான் காலண்டரைக் கிழிச்சு நல்ல நேரம் பாத்து, மொகம் கழுவி, திருநீறு வச்சுட்டுத்தான் உக்காருவேன். பெரிய மண்டபத்து மேனேஜர்களுக்கெல்லாம் போன் பண்ணி, கொஞ்ச நேரம் யாரும் தொடாதீங்கன்னு சொல்லிருவேன். 'சற்றுப் பொறுங்கள்'னு ஒரு போர்டை வெப்சைட்டுல மாட்டிட்டு, பழசை நிறுத்தி, புதுசை ஏத்தி, திருப்பி ஓட்டிப் பாத்து, அப்பறம்தான் டீயே குடிப்பேன்.

அப்படியும் விழுமான்னு கேக்கறீங்களா? விழும். விழாம இருக்குமா? என்ற தங்கச்சி புள்ளைக்குக் காது குத்தறப்ப, மாமன் மடில உக்கார வச்சு ஆசாரி கம்பியை எடுக்கறாரு, வெப்சைட்டு படுத்துருச்சுன்னு என்ற போன் அடிக்குது. புள்ளையை மச்சினன் மடில போட்டுட்டு வெளிய ஓடினேன். மொத்த ஒரம்பரையும், சொந்தபந்தம் அத்தனையும் பாக்குதுங்க. 'சென்னியப்பன் இல்லீன்னா அங்க ஒண்ணும் நடக்காது'ன்னு பெரியவங்க பேசிக்கிட்டாங்க. தங்கச்சிதான் ஒரு வருசம் பேசலை. அவளுக்கு இந்த வேலையோட அருமை தெரியாதுங்க.

இப்ப மிருதுளான்னு ஒரு புள்ளை வந்துருக்குது. நல்ல புள்ளைதாங்க, குறை சொல்லப்படாது. அதுதான் இந்த ஏஜெண்டைக் கொண்டாந்துச்சு. நீங்களும் போன்ல ஏஐகிட்ட கேள்வி கேப்பீங்களே, அது வாயால பதில் சொல்றதோட சரி. இதுக்கு ஒரு டூலை மாட்டிவிட்டா கையும் காலும் மொளைச்ச மாதிரிங்க. 'இந்த மாத்தத்தை ஏத்து'ன்னு ஒரு வரி எழுதினாப் போதும். அதுவே கிளவுடுல புதுசா ஒரு மெஷினைப் புடிக்குது, எல்லாத்தையும் வைக்குது, ஓட்டிப் பாக்குது, சரியா இருந்தா வர்ற ஜனத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுட்டு பழைய மெஷினைக் காலி பண்ணிருது. பழைய ஊட்டுல அடுப்பு எரியறப்பவே புது ஊட்டுல பால் காய்ச்சற மாதிரி. போர்டு மாட்டறதே இல்ல. வெப்சைட்டு ஒரு நிமிசம் கூட நிக்கறதில்லீங்க.

'நீங்க எப்படிப் பண்ணுவீங்களோ அதை உங்க வாயாலயே சொல்லுங்க சார், அதுக்கு அதுதான் விதி'ன்னு மிருதுளா சொல்லுச்சு. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். ராகு காலத்துல ஏத்தக்கூடாதுன்னும் சொன்னேன். ஒவ்வொரு கிழமைக்கும் எந்நேரத்துல இருந்து எந்நேரம்னு ஒப்பிச்சேன். ஏஜெண்டு சிரிக்கலீங்க, அப்படியே எழுதிக்குச்சு. கடைசியா ஒண்ணு சொன்னேன், எதைச் செஞ்சாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் செய்யோணும்னு. அதையும் எழுதிக்குச்சு.

அன்னைல இருந்து என்ற போனுக்கு வரும். 'இன்ன மாற்றம் தயார். செய்யட்டுமா?' நல்ல தமிழ்ல, மரியாதையா கேக்கும். நான் 'ம்'னு போடுவேன். முடிஞ்சுது. சித்திரைல இருந்து ஆடி வரைக்கும் இதே கதை. ஒரு தடவை கூட விழலை.

அதாங்க என்னால தாங்க முடியலை. போன் அடிக்கறதே இல்ல. சோத்துல கையை வச்சா போனைப் பாக்கறேன், பல்லு வெளக்கறப்ப பாக்கறேன். சும்மா சும்மா வெப்சைட்டைத் தொறந்து பாக்கறேன், ஓடுதா ஓடுதான்னு. அது பாட்டுக்கு ஓடுது. 'வேற பொம்பளை இருந்தாக்கூட நீங்க இப்படிப் போனைப் பாக்க மாட்டீங்க'ன்னு என்ற ஊட்டுக்காரி சொல்லிட்டா. உக்காந்த எடத்துல உக்கார முடியலீங்க. சுகர் கூட ஏறிப்போச்சு.

போன வாரம் மீட்டிங். மிருதுளா சொல்லுது, சார் சொல்ற 'ம்'முக்காகக் காத்துட்டுத்தான் நேரம் போகுது, அது தானாவே பண்ணிக்கட்டுமேன்னு. ஐயா ரோசனை பண்ணிட்டு, திங்கட்கிழமை முடிவு சொல்றேன்னுட்டாரு. அப்ப எனக்கு? மண்டபத்துப் போட்டோவெல்லாம் எடுத்து வெப்சைட்டுல போடற வேலையைப் பாத்துக்கிறயான்னு கேட்டாருங்க. சம்பளமெல்லாம் குறைக்க மாட்டாரு, தங்கமான மனுசன். ஆனா என்னைக் கேக்காம ஒண்ணும் நடக்காதுன்னு இருந்த எடத்துல, என்னைக் கேக்கவே வேண்டாம்னு ஆயிட்டா நான் அங்க யாருங்க?

பாத்தீங்களா, கிணத்துக்கடவு இப்பத்தான் வருது. இத்தனை நேரமா?

அந்த ஏஜெண்டோட தப்பு ஒண்ணு நேத்துத்தான் சிக்குச்சு. நேத்து சாயங்காலம் இருட்டற நேரம், மிருதுளா ஏதோ சின்ன மாத்தம் ஏத்தச் சொல்லுது. 'இப்போது ராகு காலம், பிறகு செய்கிறேன்'ங்குது ஏஜெண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வியாழக்கிழமை ராகு காலம் மத்தியானத்தோட போச்சே, சாயங்காலம் ஏதுன்னு நானே எறங்கிக் கேட்டேன். எந்தக் கடிகாரத்தை வச்சு சொல்றேன்னு. சர்வர் கடிகாரம்ங்குது. சர்வரெல்லாம் எங்க இருந்தாலும் இங்கிலாந்து நேரத்துலதாங்க ஓடும், நம்மளைவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி. எனக்கு அது தண்ணி பட்ட பாடு, பாத்ததுமே மனசுல கூட்டிக்குவேன். அதுக்கு யாரும் கூட்டச் சொல்லலை. நான் சொன்ன நேரத்தை அப்படியே இங்கிலாந்து நேரமா எடுத்துக்கிச்சு.

புரியுதுங்களா என்ன நடந்துருக்குதுன்னு? நாலு மாசமா ராகு காலம் இல்லாதப்ப கையைக் கட்டிட்டு உக்காந்துருக்குது. அசல் ராகு காலத்துல ஏத்து ஏத்துன்னு ஏத்தியிருக்குது. எங்க ஐயா ராகு காலத்துல ஒரு செக்குல கையெழுத்துப் போட மாட்டாரு. கார் சாவியைக் கூடத் தொட மாட்டாரு. அவருகிட்ட இதைச் சொன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அதைத்தான் சொல்லப் போறேன். இந்த மாதிரி விசயத்துக்கெல்லாம் ஒரு மனுசன் நடுவுல நிக்கோணுமுங்க.

என்ன கேட்டீங்க? நாலு மாசத்துல ஏதாவது விழுந்துச்சான்னா?

விழலீங்க. அதுதாங்க பயமே. ஒண்ணா சேந்து விழும்.

நான் நல்ல நேரத்துல ஏத்தினப்ப விழுந்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்கன்னா, அன்னைக்கு அஷ்டமிங்க. நான் கவனிக்காம விட்டுட்டேன். இன்னொரு தடவை எனக்கே சந்திராஷ்டமம். எல்லாத்துக்கும் காரணம் இருக்குது.

நாந்தான் 'ம்' போட்டேன், வாஸ்தவந்தான். இல்லீங்கலை. அதுதான் நேரம் பாத்துக்குதேன்னு நான் காலண்டரைப் பாக்கறதை விட்டுட்டேன். நம்பினது என்ற தப்பாங்க?

இருந்தாலும் காலைல குளிச்சு வந்ததுமே மொத வேலையா அதைத் திருத்திட்டேன். ராகு காலம்னா நம்ம ஊரு நேரம், நான் சொன்னாலொழிய அந்நேரத்துல எதையும் தொடப்படாதுன்னு கட்டன் ரைட்டா சொல்லிட்டேன். 'புரிந்தது'ன்னுச்சு. அதுக்கு முன்னாடி தப்பா எடுத்துக்கிட்டதுக்கு மன்னிப்பு வேற கேட்டுச்சு. அதுல ஒண்ணும் குறை வைக்காது.

இன்னைக்கு எங்களுக்குப் பெரிய நாளுங்க. ஆவணி மொத வெள்ளிக்கிழமை, தை மாச முகூர்த்தத்துக்கு புக்கிங் தொறக்கற நாளு. ஆடில யாரும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாங்களா, ஆவணி பொறந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்துல வந்து விழுவாங்க. ஒம்பதரைக்கு நல்ல நேரத்துல தொறந்து விட்டுட்டுத்தான் நான் கெளம்பினேன்.

ஒரு நிமிசங்க. மிருதுளா கூப்பிடுது.

சொல்லு கண்ணு. பஸ்ல இருக்கேன். ம். என்னது? ரெண்டு பேருக்குமா? சரி, சரி, நான் பாக்கறேன்.

கருமம், பாருங்க. ஒரே மண்டபம், ஒரே தேதி, ரெண்டு ஊட்டுக்காரங்க பணம் கட்டிருக்காங்க. ஒருத்தர் பணம் கட்டறதுக்குள்ள அடுத்தவங்களுக்கும் அதே நாள் காலின்னு காட்டுதாம். புக்கிங் தொறக்கறதுக்குக் காலைல ஏத்தின மாத்தத்துல என்னமோ கோளாறு. பல்லடத்துல ஒண்ணு, காங்கேயத்துல ஒண்ணு, இன்னும் வந்துட்டே இருக்குதாம். ஊட்டுக்கு ஊடு பத்திரிகை அடிச்சு, நாள் வந்து, ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே வாசல்ல வந்து நின்னா என்னங்க ஆகும்?

ஏஜெண்டு அதுக்குள்ள கோளாறைக் கண்டுபுடிச்சு, சரியும் பண்ணி வச்சுருக்குதாம். ஏத்தோணும், அவ்வளவுதான். ஏத்தாம நிக்குது. இருங்க, எனக்கே வந்துருக்குது. கேளுங்க.

'திருத்தம் தயார். சோதித்துவிட்டேன். இப்போது ராகு காலம் என்பதால் உங்கள் விதிப்படி பன்னிரண்டு மணி வரை காத்திருக்கிறேன். அதுவரை இரட்டைப் பதிவுகள் தொடரும். இப்போதே செய்ய வேண்டுமானால் நீங்கள் சொல்ல வேண்டும். செய்யட்டுமா?'

பன்னெண்டுக்கு இன்னும் எவ்வளவு கெடக்குதுங்க? பொள்ளாச்சியே இன்னும் வரலை. கண்டக்டரே, கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க. ஆமா, பஸ் போனா மட்டும் மணி ஓடுமா.

புக்கிங்கை மூடி வைக்கச் சொல்லலாங்கறீங்களா? அதுவும் ஒரு மாத்தந்தானுங்களே. அதையும் ராகு காலத்துலதானே பண்ணோணும்.

நானே 'ம்' போடறதா? நாலு மாசமா தெரியாமப் போட்டது வேற. இது தெரிஞ்சே போடறது. இதைப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சியை வச்சுட்டு ஐயாகிட்டப் போய் ராகு காலம்னு பேசறது?

இன்னொண்ணு வந்துருச்சுங்க. தாராபுரம்.

முருகா.

'ம்'.

போட்டுட்டேன். உங்களுக்கு மட்டுந்தான் தெரியும், யாருகிட்டயும் சொல்லிக்காதீங்க. நீங்க யாருகிட்டங்க சொல்லப் போறீங்க, பழனிக்குப் போறவரு.

முடிஞ்சுருச்சுங்க. அவ்வளவுதான், வெப்சைட்டு நிக்கக்கூட இல்ல. முட்டின புக்கிங்கையெல்லாம் ஏஜெண்டே தனியாப் பிரிச்சு வச்சுட்டு, அவங்களுக்கு போன் பண்ணிப் பேசிக்கங்கன்னு மிருதுளாவுக்குச் சொல்லியிருக்குது. பொள்ளாச்சி வந்துருச்சா? கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க. ஐயோ, ஐயாவே கூப்பிடறாரு.

வணக்கங்கய்யா. ஆமாங்கய்யா, வந்துட்டேதான் இருக்கேன். ஆமாங்க, சரியாயிருச்சுங்க. யாருங்களா? அது... அதுவே பண்ணிருச்சுங்கய்யா. இல்லீங்க, என்னைக் கேக்கலை. நான் எப்படிங்க இந்நேரத்துல சொல்லுவேன், எனக்குத் தெரியாதுங்களா? ராகு காலம்னு பாக்காம அது பாட்டுக்கு ஏத்திருச்சுங்க. நாலு மாசமாவே இப்படித்தானாம், அதைச் சொல்லத்தான் நானே நேர்ல... ஐயா? அப்படீங்களா. சரிங்க. சரிங்கய்யா. வர்றேங்க.

வச்சுட்டாரு.

கோவிச்சுக்கலீங்க. சிரிக்கறாரு. 'நல்லதாப் போச்சு போ சென்னியப்பா. மெஷினுக்கு ஏது ராகு காலம்? மனுசன் கை பட்டாத்தான் தோஷம். உன்னைக் கேட்டுருந்தா நீ பன்னெண்டு வரைக்கும் நிறுத்தி வச்சிருப்பே, அத்தனை கல்யாணமும் முட்டிக்கிட்டு நின்னுருக்கும்'ங்கறாரு. நடுவுல ஆளு இல்லாத வரைக்கும் யாருக்கும் பாவமில்லையாம். திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு, இப்பவே மிருதுளாகிட்டச் சொல்லி, ஏஜெண்டு கேக்கற எடத்துல இருந்து உன்ற பேரை எடுத்துடறேன்னாரு. வந்து சாப்பிட்டுட்டுப் போன்னும் சொன்னாருங்க.

நான் நிறுத்தி வச்சிருப்பேனாம். நிறுத்தலீங்களே. நீங்க பாத்தீங்கல்ல?

மிருதுளாதான் மறுபடியும். சொல்லு கண்ணு. ஆமா, ஐயா சொன்னாரு. நீ பாத்துட்டேதான் இருந்தியா. சரி. வேண்டாம் கண்ணு, நீ ஒண்ணும் சொல்லாதே. பன்னெண்டு மணிக்கு மேல நானே அவருகிட்டப் பேசறேன். இந்நேரத்துல எனக்காகப் பேசப் போயி எதாச்சும் ஆகிடப்போகுது. அதுக்குள்ள எடுக்கச் சொல்றாரா? அப்ப எடுத்துரு. சொன்னதைச் செய்யி. உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்.

'நீங்கதானே சார் ஓகே குடுத்தீங்க, உண்மையைச் சொல்லிடட்டுமா'ன்னு கேக்குதுங்க. நல்ல புள்ளை. சொன்னா என்ற வேலை நிக்கும். ஆனா ஐயாகிட்டப் பொய் சொன்னவனாயிருவேன், ராகு காலத்துல கை வச்சவனாயிருவேன். சொல்லாட்டி ஒண்ணுமில்லாதவனாயிருவேன். எதுன்னு நினைக்கறதுங்க? எந்திரிச்சு நின்னுக்கறேன், உக்கார முடியலை.

போன் அடிக்குதுங்களா? மெசேஜு. அதுதான். ஏஜெண்டு.

'ஒப்புதல் தருபவர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ராகு காலம். உங்கள் விதிப்படி பன்னிரண்டு மணி வரை காத்திருக்கலாம். அல்லது நீங்கள் சொன்னால் இப்போதே செய்கிறேன். செய்யட்டுமா?'

பாருங்க. என்னை எடுக்கறதுக்கு என்னையே கேக்குது. அவரு கேக்கலை. இது கேக்குது. இதைத்தான் நான் இப்ப, என்னைக் கேக்காம பண்ணிருச்சுன்னு வாய் கூசாமச் சொன்னேன். அவமானமா இருக்குதுங்க. காத்திருன்னு சொன்னா காத்திருக்கும். பன்னெண்டு வரைக்கும் அசையாது. அதுக்குள்ள நான் உடுமலை போயி, அவரு கையைப் புடிச்சு, நாந்தாங்கய்யா போட்டேன்னு சொல்லிரலாம். கோமங்கலம் தாண்டிட்டா அப்பறம் பக்கந்தான்.

நீங்களும் அதைத்தான் சொல்றீங்க. சரிதான். சரிதான்.

ஆனா இப்படிக் கேட்டுட்டு நிக்கறப்ப பதில் சொல்லாம நான் இருந்ததில்லீங்க. 'காத்திரு'ன்னு அடிக்க ஆரம்பிச்சேன், அவரு மொகம் வந்து நிக்குது. அவருகிட்டப் போயி என்னத்தைச் சொல்லுவேன், எப்படி ஆரம்பிப்பேன்.

'ம்'னு போட்டுட்டேங்க. வேற என்னங்க பண்றது, கேட்டுட்டு நிக்குதே.